இறங்குவதைப் பார்க்காதே, ஏறுவதைப் பார்: ஃபோர்க் ஆயிலோடு என் அனுபவம்

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோலக் குனிந்தது. ஆறு வருடம் ஓடிய 150 சிசி பைக். இன்ஜின் ஆயிலை ஒரு தடவைகூடத் தள்ளிப்போட்டதில்லை. செயின், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நேரத்துக்கு நேரம் பார்த்துவந்தேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் குழாய்களான ஃபோர்க்குக்குள்ளும் ஓர் ஆயில் இருக்கிறது, அதற்கும் ஆயுள் உண்டு என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

ஷாக் அப்சார்பர் என்றால் ஸ்பிரிங், அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குனிகிறது என்றால் பலம் போய்விட்டது, கெட்டியான ஆயிலை ஊற்றினால் நிமிர்ந்துவிடும் என்று நானே முடிவுகட்டினேன். ஆயிலின் கெட்டித்தன்மை கையேட்டில் 10டபிள்யூ என்று போட்டிருந்தது. நான் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ வாங்கி ஊற்றினேன்.

முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரேக் பிடித்தால் வண்டி மெதுவாகத்தான் குனிந்தது. ஹேண்டில் பாரில் ஒரு திடம் தெரிந்தது. நான்காம் நாள், தார் பெயர்ந்து அலை அலையாகக் கிடந்த ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தேன். முதல் இரண்டு மேடு ஏறி இறங்கியது. மூன்றாவதில் ஃபோர்க் கல்லாகிவிட்டது. நான்காவதில் முன் டயர் தரையை விட்டு விலகி வெளிப்பக்கம் நழுவியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் தப்பித்தேன். ஓரமாக நிறுத்தி இறங்கியபோது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில் பாரை உடல் பாரம் முழுக்கப் போட்டு ஒரே அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். ஃபோர்க் மெல்ல மெல்ல, படி ஏறும் கிழவரைப்போல மேலே வந்தது.

“பாத்தியா தம்பி?”

“நல்லா டைட்டாத்தானே அண்ணா இருக்கு?”

“இறங்குறதைப் பாக்காத. ஏறுறதைப் பாரு. இது ஏறி முடிக்கிறதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துரும்.”

என் தவறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது.

ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைச் சுமப்பது. சக்கரம் மேட்டில் ஏறும்போது சுருங்கி, அந்தச் சக்தியை வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தும்விடும். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி அடுத்த பல அடி தூரத்துக்குத் தவளைபோலக் குதித்துக்கொண்டே போகும். அந்தச் சக்தியை எங்காவது தொலைக்க வேண்டும். தொலைக்கும் வேலையைச் செய்வது ஆயில். சின்னத் துளைகள் வழியாக ஆயிலைப் பிதுக்கித் தள்ளும்போது அசைவு வெப்பமாக மாறி, உலோகக் குழாய் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆக, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங், அதைத் தீர்த்துக்கட்டுவது ஆயில்.

வீட்டில் ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்ச் இருந்தால் தண்ணீரை உறிஞ்சி எடுத்து மெதுவாகத் தள்ளிப்பாருங்கள். சுலபமாகப் போகும். வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கும். துளை அதேதான், தண்ணீரும் அதேதான், வேகம்தான் மாறியது. இப்படிப்பட்ட துளையில் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். சாதாரண பைக்குகளில் வரும் ஃபோர்க்கில் இருப்பது இந்த ஏற்பாடுதான்: உள்ளே ஒரு கம்பிக்குழல், அதில் சில துளைகள். மெல்லப் பிரேக் பிடிக்கும்போது எதிர்ப்பு போதாமல் குனியும். கூரான பள்ளத்தில் திடீரென விழும்போது எதிர்ப்பு அளவுக்கு மீறி மணிக்கட்டு வரை அடி வரும். விலை கூடிய ஃபோர்க்குகளிலும் கார் ஷாக்குகளிலும் துளைக்கு மேல் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை அடுக்கிவைத்திருப்பார்கள். அழுத்தம் கூடும்போது அவை வளைந்து வழிவிடும். அதனால்தான் அவை மெல்லிய அசைவையும் அடக்கும், பெரிய அடியையும் விழுங்கும்.

சுருங்குவதும் விரிவதும் ஒரே வேலை இல்லை என்பது நான் அறியாத இன்னொரு விஷயம். மேடு வரும்போது சக்கரம் சட்டென்று மேலே போக வேண்டும், அங்கே எதிர்ப்பு குறைவாக இருப்பது நல்லது. திரும்பும்போது, அழுந்திய ஸ்பிரிங் தன் முழுப் பலத்தோடு தள்ளும். அதை அடக்கத்தான் கூடுதல் எதிர்ப்பு. கார் ஷாக்குகளில் விரியும் எதிர்ப்பு சுருங்கும் எதிர்ப்பைவிட இரண்டு, மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். ஆயிலைக் கெட்டியாக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும். ஒன்றை மட்டும் ஏற்ற வழியில்லை. என் வண்டி குனிவதைக் குறைக்கப்போய், திரும்பி எழுவதை நான் கட்டிப்போட்டுவிட்டேன். ஒரு வண்டியின் உடல் நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஆடக்கூடியது. சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை துள்ளும். அலை அலையான சாலையில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஃபோர்க் கொஞ்சம் அழுந்தி, முழுதாக விரியாமலே அடுத்த மேட்டை வாங்கி, படிப்படியாகச் சுருங்கி அடிமட்டத்தில் போய் நின்றுவிட்டது. வளைவில் டயர் தரையை விட்ட காரணம் இதுதான்.

சரி, முதலில் ஏன் குனிந்தது? அதை நான் பார்க்கவே இல்லையே.

மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்கின் இரண்டு காலையும், அதாவது இரண்டு பக்கக் குழாயையும், கழற்றவைத்தார். “நீயே கழட்டு, அப்பத்தான் மனசுல நிக்கும்” என்றார். வண்டியை இன்ஜினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, முன் சக்கரம் தொங்கும்படி நிறுத்தினோம். ஃபோர்க்கை மேலே பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டை முதலில் தளர்த்தி, அதன் பிறகே குழாயின் உச்சி மூடியைத் திருகச் சொன்னார். தகட்டின் பிடி இறுகியிருக்கும்போது திருகினால் மரை கெடும். மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது. கடைசி மரை விடுபடும்போது அது மேலே எகிறும், முகத்தை நேர்மேலே வைக்கக் கூடாது. துணியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினேன். அப்படியும் கையில் ஒரு தட்டுத் தட்டியது.

நான்கு நாள் முன்பு நான் ஊற்றிய ஆயில் அது. ஆனாலும் வடித்தபோது சாம்பல் நிறத்தில் வந்தது. பழையதை ஒழுங்காக வடிக்காமல், குலுக்கிக் கழுவாமல் மேலே ஊற்றியிருக்கிறேன். அடியில் தங்கியிருந்த அழுக்கு முழுவதும் புதியதில் கலந்துவிட்டது. மீன் அழுகியதுபோல ஒரு வாடை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வைத்தோம். காலையில் அடியில் வெள்ளிப்பொடிபோல ஒரு படிவு, விரலில் தேய்த்தால் மின்னியது. ஸ்பிரிங் குழாய்ச் சுவரில் உரசி, குழாய்களுக்கு நடுவே இருக்கும் புஷ் வளையம் தேய்ந்து, அலுமினியம் கரைந்து வந்த தூள் அது. இன்ஜினுக்காவது ஃபில்டர் உண்டு. ஃபோர்க்குக்கு அதுவும் இல்லை. விழுந்த தூள் அங்கேயே சுற்றி இன்னும் தேய்க்கும்.

அடுத்து ஸ்பிரிங். கையேட்டில் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் போட்டிருக்கும். இரண்டையும் மேசையில் படுக்கவைத்து அளந்தோம். இரண்டுமே அந்த எல்லைக்குக் கீழே. போதாததற்கு, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலில், இடது காலில் கசிவு. ஆறு வருடத்தில் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. வழிந்த ஆயில் தூசியோடு சேர்ந்து காய்ந்து கறுத்திருந்ததை நான் சேறு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுருங்கிப்போன ஸ்பிரிங், ஒரு காலில் குறைந்த ஆயில். குனிந்ததற்கு இவை இரண்டும்தான் காரணம். ஸ்பிரிங்கின் நோய்க்கு ஆயிலில் மருந்து தேடியது என் பிழை. பைக் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டி தாழ்ந்து நிற்கிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆட்டம் அடங்காவிட்டால் ஆயிலைப் பாருங்கள்.

சீல் கசிவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வழிந்து இறங்கும் இடத்தில்தான் டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஆயில் குடித்த பேடைத் துடைத்துக் காயவைத்து மறுபடி போடுவது உயிரோடு விளையாடுவது. பேடை மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்தால் போதும்.

எல்லாக் கசிவுக்கும் புது சீல் தேவைப்படாது. சில சமயம் சீலின் உதட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். சீலுக்கு மேலே இருக்கும் தூசி மூடியை மேலே தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை நாக்குபோல வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே செருகிச் சுற்றிவந்தால் துகள் வெளியே வந்துவிடும். அதன் பிறகும் கசிந்தால் சீலை மாற்றலாம். மாற்றும் முன் குரோம் குழாய் மேல் கொஞ்சம் பஞ்சை வைத்து மேலும் கீழும் தடவுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே கல்லடிபட்ட முள் இருக்கிறது. அதை மிக நுண்ணிய தீட்டுக்கல்லால் நீவி மழுக்காமல் சீலை மாற்றினால் புதியதும் சில வாரத்தில் கிழியும். புது சீலை ஏற்றும்போது குழாயின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, கொஞ்சம் ஆயில் தடவி நழுவவிடுங்கள். அந்த விளிம்பு சீலின் உதட்டைக் கீறும் என்பதை நான் ஒரு சீலைக் கிழித்தே தெரிந்துகொண்டேன்.

இப்போது ஆயில். இங்கேதான் பெரிய குழப்பம். 5டபிள்யூ, 10டபிள்யூ, 15டபிள்யூ என்று பாட்டிலில் போட்டிருப்பது ஃபோர்க் ஆயிலைப் பொறுத்தவரை கறாரான அளவு இல்லை. ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூ 40 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும், இன்னொன்றுடையது 45ஐத் தாண்டும். ஒரே பெயர், ஒன்றரை மடங்கு கெட்டி. பாட்டிலின் முகப்பை விட்டுவிட்டு, அந்த ஆயிலின் தரவுத்தாளில் 40 டிகிரிக்கு எதிரே இருக்கும் சென்டிஸ்டோக்ஸ் எண்ணைத் தேடுங்கள். ஒப்பிட உதவும் எண் அதுதான். பாகுநிலைக் குறியீடு என்று இன்னோர் எண் இருக்கும். அது கூடுதலாக இருந்தால், சூட்டில் ஆயில் நீர்த்துப்போவது குறைவு என்று பொருள்.

“இன்ஜின் ஆயிலும் 10டபிள்யூதானே, மீதி இருக்கிறதை ஊத்திடலாமே” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் 40 டிகிரியில் 90 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும். ஃபோர்க் ஆயிலைவிட இரண்டு, மூன்று மடங்கு கெட்டி. அதுவும் போக, அதில் இருப்பது கரியைக் கழுவும் ரசாயனம். ஃபோர்க்குக்கு வேண்டியதோ நுரையை அடக்கும் ரசாயனம். பழைய பைக்குகள் சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையே கையேட்டில் சொல்லியிருப்பார்கள். அதன் கெட்டித்தன்மை ஃபோர்க் ஆயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வண்டிகளில் அது தப்பில்லை. உங்கள் கையேடு சொன்னால் மட்டும் ஊற்றுங்கள்.

நுரை என்றேன். கையில் சோப்புத் தண்ணீரை எடுத்துக் குலுக்கினால் நடப்பதுதான் ஃபோர்க்குக்குள்ளும் நடக்கிறது. உள்ளே காற்றும் ஆயிலும் ஒரே அறையில் இருக்கின்றன. மோசமான சாலையில் விடாமல் ஓடினால் ஆயிலில் குமிழிகள் கலக்கும். துளை வழியே குமிழி போகும்போது எதிர்ப்பே இருக்காது. நீண்ட தூரம் குலுங்கிய பிறகு வண்டி ‘லூசா’ ஆகிவிட்டதுபோலத் தோன்றி, கொஞ்சம் ஓய்வு கொடுத்ததும் சரியாவது இதனால்தான். பின் ஷாக்குகள் பலவற்றில் காற்றை மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் ஆயிலிலிருந்து பிரித்து, நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்துவைக்கிறார்கள். அழுத்தம் இருந்தால் குமிழி பிறப்பது கடினம். நைட்ரஜனில் ஈரமோ ஆக்சிஜனோ இல்லாததால் ஆயில் கெடுவதும் குறையும். இந்த ஒற்றைக் குழாய் அமைப்பை 1950களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன். அதற்கு முன்பே, 1935இல், பிஎம்டபிள்யூ தன் ஆர்12 பைக்கில் ஆயில் நிரம்பிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்கும் முந்தைய காலத்தில் பெரும்பாலும் தட்டுகளை ஒன்றோடொன்று உரசவைத்துத்தான் ஆட்டத்தை அடக்கினார்கள்.

வெப்பம் எவ்வளவு வரும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் 100 கிலோ பாரம், 5 சென்டிமீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பள்ளத்துக்குச் சுமார் 49 ஜூல். இரண்டு காலிலும் சேர்த்து 340 மில்லி ஆயில். அதன் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 550 ஜூல் வேண்டும். வெப்பம் எங்கும் வெளியேறாவிட்டால் பதினோரு பள்ளத்துக்கு ஒரு டிகிரி. உண்மையில் பெரும்பகுதி உலோகம் வழியே வெளியேறிவிடும். ஆனாலும் சின்ன உடம்புக்குள் கொஞ்சமே ஆயில் வைத்திருக்கும் பின் ஷாக் தொட்டால் தெரியும் அளவுக்குச் சூடாகும். இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். மோசமான சாலையில் ஓட்டி வந்ததும் இரண்டு பின் ஷாக்குகளின் உடலையும் புறங்கையால் தொட்டுப்பாருங்கள், சைலன்சர் பக்கம் கவனம். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். கையேட்டில் இரண்டு எண் இருக்கும். வடித்துவிட்டு மாற்றினால் ஒன்று, முழுக்கக் கழற்றித் துடைத்துக் காயவைத்தால் அதைவிடச் சற்றுக் கூடுதல். மில்லியை மட்டும் நம்பாமல் மட்டத்தையும் அளக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அழுத்தி, ஆயிலை ஊற்றி, மெதுவாகப் பத்து முறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பத்து நிமிடம் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு குழாயின் உச்சியிலிருந்து ஆயில் மட்டம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். நான் ஒரு சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, வேண்டிய மில்லிமீட்டர் அளவில் அந்தக் குழாயில் ஒரு கிளிப் போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டு, கிளிப் குழாய் விளிம்பில் உட்காரும்படி விட்டு உறிஞ்சினால், மட்டம் வந்ததும் சிரிஞ்சில் காற்று வரும். இரண்டு காலும் அச்சாக ஒன்றாகிவிடும்.

இவ்வளவு கறார் எதற்கு? ஆயிலுக்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க் சுருங்கச் சுருங்க அது நெருங்கி எதிர்த்துத் தள்ளும். மட்டத்தைப் பத்து மில்லிமீட்டர் ஏற்றினாலே ஃபோர்க் இறங்கும் தூரத்தின் கடைசிப் பகுதி நன்றாக இறுகும். பெரிய பள்ளத்தில் மட்டும் ‘டொக்’ என்று அடிவாங்குகிறது, மற்றபடி சுகம் என்றால் ஆயிலின் கெட்டியை மாற்றாமல் மட்டத்தை ஐந்து மில்லிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். கையேட்டின் எல்லைக்கு மேல் ஏற்றினால் காற்றுக்கு இடமின்றி சீல் பிதுங்கும்.

புது ஸ்பிரிங், புது சீல், 10டபிள்யூ, சரியான மட்டம். மாட்டி முடித்ததும் அண்ணன் அதே சோதனையைச் செய்யச் சொன்னார். அழுத்தி விட்டேன். விறுவிறுவென்று எழுந்து, நின்ற இடத்தைக் கொஞ்சமே தாண்டி, அப்படியே அடங்கியது. “இப்ப ஓட்டு” என்றார். அதே வளைவுக்குத்தான் போனேன், முதல் தடவை நடந்து போகும் வேகத்தில்.

கார் கதை வேறு. அக்காவின் காரில் பின் டயர் வாரந்தோறும் ஒரு ‘ஊ’ என்ற சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனது. பேரிங் என்று நினைத்தோம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவினேன், கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் கையில் பட்டன. சக்கரம் தரையில் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியதன் அடையாளம். அந்த ஷாக்குகள் சீல் செய்யப்பட்டவை, ஆயில் மாற்ற வழியில்லை. ஒரு பக்கம் போனால் அதே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பனிபோல மெல்லிய ஈரம் உடலின் மேல்பகுதியில் தெரிவது சாதாரணம், பயப்பட வேண்டாம். சொட்டாக வழிந்து கீழ்வரை வந்தால் கதை முடிந்தது. காரின் மூலையை அழுத்தி விடும் பழைய சோதனை, முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி போனதைக் காட்டாது. டயர்தான் உண்மை சொல்லும்.

குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் ஷாக்கைக் கடையில் படுக்கவைத்திருப்பார்கள். அப்போது அதன் உள்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, கம்பியை முழுதாக நான்கைந்து முறை அழுத்தி இழுங்கள். முதல் இரண்டு முறை நடுவில் ஒரு வெற்றிடம்போலத் தொளதொளக்கும், பிறகு சீராகும். கம்பியின் பளபளப்பான பகுதியை இடுக்கியால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். பழைய கேஸ் ஷாக்கைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம். உள்ளே அழுத்தம் இருக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது என்று கேட்கிறார்கள். கையேடு சொல்வதை முதலில் பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், மழையிலும் மண்சாலையிலும் அதிகம் ஓடினால் அதற்கும் முன்பே. ஒவ்வொரு தடவையும் வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வைக்கிறேன். போன தடவை வந்தது லேசான தேன் நிறம். காலையில் அடியில் பார்த்தேன். மெல்லிய ஒரு கோடு அளவுக்குத்தான் வெள்ளிப்பொடி இருந்தது.

வண்டியைக் கழுவும்போதெல்லாம் குரோம் குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஃபோர்க்கை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறேன். சீலுக்கு மேலே வளையம்போல ஈரம் விழுகிறதா என்று கட்டைவிரலைச் சுற்றி ஓட்டுகிறேன். நேற்றும் பார்த்தேன், விரல் காய்ந்தே வந்தது.